கை, மண், மணி: ஒரு பழைய கல்லை எப்போது நம்பலாம்?

திருகோணமலையில் வீடு கட்டும் வளவு ஒன்றில் மகாவலி ஆற்று மணல் ஒரு லோட் கொட்டப்பட்டிருக்கிறது. மேசன் அரிதட்டைச் சாய்த்து நிறுத்தி, மண்வெட்டியால் மணலை அள்ளி அதன்மேல் வீசுகிறார். நைசான மணல் பின்னால் விழ, சரளை மட்டும் முன்பக்கம் உருண்டு குவிகிறது. குவியலில் வெள்ளைக் கற்கள் நிறையக் கிடக்கின்றன. அறிவியல் அவற்றைக் குவார்ட்ஸ் என்கிறது. வெங்கச்சங்கல் என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. பெரும்பாலானவை ஆற்றில் உருண்டு புறா முட்டை போல வழுவழுத்தவை. இடையில் ஒன்றிரண்டு பிளந்து கிடக்கும். பிளந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினால் தோல் கீறும்.

கொழும்பு தேசிய நூதனசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இதே வெள்ளைச் சில்லுகள் இருக்கின்றன. அங்கே அவை கற்காலக் கருவிகள். திருகோணமலை வளவில் மேசன் வாரி ஒதுக்குவது வெறும் கல். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்படியிருக்க, ஒன்றைக் கருவி என்றும் அது 30,000 ஆண்டு பழையது என்றும் எப்படி ஒருவர் துணிந்து சொல்கிறார்? கேட்பவர் அதை ஏன் நம்ப வேண்டும்?

இந்தக் கேள்வி உலகின் மறுபக்கத்தில் பெரும் சண்டையாகவே நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களுக்கு மனிதர் எப்போது வந்தனர் என்பதற்கு, குளோவிஸ் எனப்படும் ஈட்டிமுனைகளைக் காட்டி ‘சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்’ என்றுதான் நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2017இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 1992இல் நெடுஞ்சாலை வேலையின்போது கிடைத்த மாஸ்டடான் என்ற யானை இனத்தின் எலும்புகள் மனிதர் கல்லால் அடித்து உடைத்தவை என்றும், அவற்றின் வயது சுமார் 130,000 ஆண்டு என்றும் அது சொன்னது. பத்து மடங்கு வித்தியாசம்! துறையினரில் பெரும்பாலோர் இன்றுவரை அதை ஏற்கவில்லை.

இலங்கைக்கும் இப்படி ஒரு வழக்கு உண்டு. தொல்லியல் திணைக்களத்தின் முன்னாள் பணிப்பாளர் நாயகமும், ‘இலங்கையின் முன்வரலாறு’ பற்றி 1992இல் பெருநூல் வெளியிட்டவருமான சிரான் தெரணியகல ஒரு மதிப்பீட்டை முன்வைத்தார். இந்தத் தீவில் மனிதர் 130,000 ஆண்டுகளுக்கு முன் உறுதியாக இருந்தனர். 300,000 ஆண்டுகளுக்கு முன்பும் அனேகமாக இருந்திருப்பர். 500,000 ஆண்டுகளுக்கு முன்பேகூட இருந்திருக்கக்கூடும் என்றார் அவர். ‘உறுதியாக’, ‘அனேகமாக’, ‘கூடும்’ என்று மூன்று படிகள். எந்தப் படியில் காலை ஊன்றலாம், எது ஆடும் என்று பார்ப்பதற்கு மூன்று கேள்விகள் போதும். அவற்றைக் கை, மண், மணி என்று சுருக்கிக்கொள்ளலாம். கல்லை உடைத்தது மனிதக் கையா? அந்தக் கல் கிடந்த மண் அதற்குரிய மண்ணா? வயதைச் சொல்லும் மணிக்கூடு சரியாக ஓடுகிறதா? மூன்றில் இரண்டு தேறினாலும் வழக்கு நிற்காது.

முதலில் கை. உடைக்கத் தெரிந்தவர் ஒரு கல்லின் விளிம்பில் இன்னொரு கல்லால் தட்டினால், ஒரு மெல்லிய துண்டு சீவி வரும். அதைச் சீவல் என்பர். மிஞ்சும் கல் கருக்கல். சீவலின் தலைப்பக்கத்தில் அடி விழுந்த தட்டையான சிறு பரப்பு இருக்கும்: அடிமேடை. அதற்குச் சற்றுக் கீழே உட்புறத்தில் சிறிய புடைப்பு ஒன்று தெரியும்: அடிக்குமிழ். சன்னல் கண்ணாடியில் சிறு கல் பட்டால் மறுபக்கம் கூம்பாகச் சில்லு பெயர்கிறதல்லவா, அதே விசைதான் இந்தக் குமிழையும் உண்டாக்குகிறது. தீக்கல் போன்ற நுண்மணிக் கற்களில் இந்த அடையாளங்கள் பளிச்சென்று தெரியும்.

இலங்கையின் கற்கால மனிதருக்கு வாய்த்ததோ பெரும்பாலும் குவார்ட்ஸ். அதற்குள் ஏற்கெனவே ஆயிரம் விரிசல்கள். தட்டினால் சீவலாக வராமல் கற்கண்டு போல நொறுங்கும். அதனால் அவர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர். அடியில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் வெங்கச்சங்கல்லை நிறுத்தி, மேலிருந்து அடித்தனர். அம்மியில் கற்கண்டை வைத்துக் குழவியால் தட்டுவது போல. இருமுனைத் தட்டு எனலாம். இதில் அழகான அடிக்குமிழ் வராது. ஆகவே ஒரு தனிக் குவார்ட்ஸ் சில்லைக் கையில் கொடுத்து ‘இது கருவியா?’ என்று கேட்டால், அனுபவசாலியும் தயங்குவார்.

தயக்கத்தைப் போக்குவது எண்ணிக்கையும் ஒழுங்கும். பிறைவடிவம், முக்கோணம், சரிவகம் என்று ஒரே அளவில், இரண்டு மூன்று சென்றிமீற்றர் நீளத்தில் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு விளிம்பு கூர். எதிர்விளிம்பு சிறுசிறு தட்டுகளால் மழுக்கப்பட்டிருக்கிறது, கத்திக்கு முதுகு வைத்தது போல. மழுங்கிய பக்கம் மரத்தண்டில் பொருத்திப் பிசின் வைப்பதற்கு. ஆறும் அலையும் கல்லை உடைக்கும். ஒரு பக்கத்தைக் கூராக்கி மறுபக்கத்தை மட்டும் மழுக்கும் வேலையை நூறு தடவை திரும்பத் திரும்பச் செய்யாது. இவற்றையே நுண்கற்கருவிகள் என்கின்றனர்.

ஒழுங்கு இல்லாத இடத்தில் ஏமாற்றம் காத்திருக்கிறது. கலிபோர்னியாவின் காலிகோ குன்றுகளில் 1960களில் அகழ்வு நடந்தது. ஆபிரிக்காவில் ஆதிமனிதப் புதைபடிவங்களைக் கண்டு புகழ்பெற்ற லூயிஸ் லீக்கியே அதன் பின்னால் நின்றார். ஆயிரக்கணக்கான ‘கருவிகள்’ எடுக்கப்பட்டன. கடைசியில் புவியியலாளர் வான்ஸ் ஹேன்ஸ், ஓடைச் சரளையில் கல்லோடு கல் மோதினாலே இத்தகைய சில்லுகள் பெயரும் என்று வாதிட்டார். லட்சக்கணக்கான கற்கள் உடையும் இடத்தில் சில கற்கள் தற்செயலாகக் கருவி போல அமைவது இயல்பு. அவற்றை மட்டும் பொறுக்கி வைத்தால் எவரும் ஏமாறுவர். இவை இயற்கைப் போலிகள்.

குரங்குகளும் இதில் பங்காளிகள். பிரேசிலின் செர்ரா டா கபிவாரா பூங்காவில் கபுச்சின் குரங்குகள் கல்லைக் கல்லால் அடித்து, மனிதக் கருவிகளிலிருந்து வேறுபடுத்த முடியாத கூர்ச் சீவல்களை உண்டாக்குவதை 2016இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். அந்தச் சீவல்களைக் குரங்குகள் பயன்படுத்துவதில்லை; போட்டுவிட்டுப் போய்விடும். அதே வட்டாரத்தின் பெட்ரா ஃபுராடா குகையில்தான் மிகப் பழைய மனிதக் கருவிகள் கிடைத்ததாக நெடுங்காலமாக ஒரு வாதம் இருந்துவருகிறது! தாய்லாந்தில் கொட்டைகளை உடைக்கும் குரங்குகளும் இப்படிச் சீவல்களைச் சிதறவிடுவதை 2023இல் கண்டனர்.

இரண்டாவது மண். கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையின் அடிவாரக் கடலில் 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்தபோது செதுக்கிய தூண்களும் கற்களும் கிடைத்தன. வரலாறு தெரியாத ஒருவர் இதை மட்டும் பார்த்தால் என்ன நினைப்பார்? கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனிக்காலத்தில், அதாவது 10,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே கோயில் கட்டினார்கள் என்று சொல்லிவிடலாம். உண்மையில் அவை 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் எச்சங்கள். தூண் மனிதக் கை செதுக்கியது என்பதில் சந்தேகமே இல்லை; ‘கை’ தேறிவிட்டது. அது கிடக்கும் தரைதான் அதற்குரிய தரை இல்லை.

2004 டிசெம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்ததைத் திருகோணமலைக் கரையோரத்தில் எவரும் மறக்கவில்லை. கடல்மணலும் சிப்பியும் வீட்டு முற்றங்களில் படிந்தன. அடுக்களைப் பாத்திரங்கள் எங்கோ சேற்றுக்குள் புதைந்தன. ஆயிரம் ஆண்டு கழித்து அந்த இடத்தைத் தோண்டுபவர் சிப்பிகளுக்கு இடையில் ஒரு பீங்கான் கோப்பையைக் காண்பார். அந்தச் சிப்பிகளுள் ஒரு பழஞ்சிப்பி இருந்து, அதன் வயதைக் கோப்பைக்கு ஏற்றிவிட்டால் கதை முடிந்தது.

ஆகவே அகழ்வாளர் கல்லை எடுக்கும் முன் மண்ணைப் படிக்கிறார். படைகள் கிடையாகக் கிடக்கின்றனவா? மழைநீர் அறுத்த சுவடு உண்டா? கறையான் புற்றும் வேரும் மேல்மண்ணைக் கீழே இறக்கியிருக்கின்றனவா? ஒரே கருக்கல்லிலிருந்து பெயர்ந்த சீவல்களைப் பொறுக்கி, உடைந்த சட்டியை ஒட்டிப் பார்ப்பதுபோல ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதும் ஒரு சோதனை. பொருந்தும் துண்டுகள் ஒரே படையில், அருகருகே கிடந்தால் மண் குலையவில்லை. ஒன்று முழங்கால் ஆழத்திலும் மற்றது இடுப்பளவு ஆழத்திலும் கிடந்தால் அந்த மண்ணின் சாட்சியம் கெட்டுவிட்டது.

அரிதட்டில் தங்கிய வெள்ளைக் கல் இங்கேதான் தோற்கிறது. அது உண்மையிலேயே கற்காலக் கருவியாக இருந்தாலும், மகாவலி அதை எந்த மேட்டிலிருந்து உருட்டி வந்தது, லொறிக்காரர் எந்தத் துறையில் அள்ளினார் என்பதெல்லாம் போய்விட்டது. மண் இழந்த கல்லுக்கு வயது கேட்க முடியாது.

மூன்றாவது மணி. இரண்டு மணிக்கூடுகளைத் தெரிந்துகொண்டால் இந்த வழக்குக்குப் போதும்.

முதலாவது காபன்-14. உயிருள்ள மரமும் மாடும் மனிதனும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் இந்தக் கதிரியக்கக் காபனைத் தொடர்ந்து பெறுகின்றன. இறந்ததும் வரவு நிற்கிறது. இருப்பு 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. ஒரு பிள்ளை பனங்கட்டித் துண்டு ஒன்றை ஒளித்து வைத்து, நாளுக்கு இருப்பதில் பாதியைத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று கணிக்கலாம். ஒன்பதாம் நாள் பார்த்தால் ஐந்நூறில் ஒரு பங்குதான் இருக்கும். பக்கத்தில் சிந்திய ஒரு சீனிமணி விழுந்தாலும் கணக்கு கெடும். காபன் மணிக்கூடு சுமார் 50,000 ஆண்டோடு நின்றுவிடுவது இதனால்தான். அதைவிட மிகப் பழைய கரித்துண்டில் நூற்றில் ஒரு பங்கு இன்றைய காபன் வேரோடோ நீரோடோ கலந்தால் போதும், ஆய்வுக்கூடம் அதற்கு சுமார் 37,000 வயது சொல்லும்.

கூடுதல் வயது காட்டும் ஏமாற்றும் உண்டு. கடல்நீரில் பழைய காபன் தங்கியிருப்பதால், இன்று உயிரோடு எடுத்த சிப்பியே ஏறத்தாழ 400 வயது காட்டும். அதைக் கழித்துக் கணக்கிட வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், வைட் சாண்ட்ஸ் என்ற இடத்தில் பழைய ஏரிக்கரைச் சேற்றில் பதிந்த மனிதக் காலடிகளுக்கு 21,000 முதல் 23,000 ஆண்டு வயது என்று 2021இல் அறிவித்தபோது எழுந்த ஆட்சேபமும் இதுவே. வயது பார்த்தது நீர்த்தாவரத்தின் விதைகளை வைத்து. நீர்த்தாவரமோ சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்த பழைய காபனை உண்ணக்கூடியது. ஆட்சேபத்தை ஆய்வாளர்கள் தட்டிக்கழிக்கவில்லை. அதே படைகளில் தரைமரங்களின் மகரந்தத்தைப் பிரித்தெடுத்து அளந்தனர். மணலை வேறொரு முறையில் அளந்தனர். 2023இல் வந்த விடை ஏறத்தாழ அதே வயது. காலடி மனிதனுடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மண் படைபடையாக ஒழுங்காக இருந்தது. இப்போது மணியும் ஒத்துவந்தது. 13,000 என்ற பழைய கோடு அங்கே பலமாக ஆட்டம் கண்டது.

மணலை அளந்த ‘வேறொரு முறை’தான் இரண்டாவது மணிக்கூடு. ஒளிர்வுக் காலக்கணிப்பு என்று பெயர். ஒவ்வொரு மணல்மணியும் ஓர் உண்டியல். சுற்றியுள்ள மண்ணில் இயல்பாகவே யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை சிறிதளவு இருக்கின்றன. அவற்றின் கதிர்வீச்சு குவார்ட்ஸ் மணிக்குள் சிறுசிறு ஆற்றலைக் காசு போலச் சேர்த்துவைக்கிறது. வெயில் பட்டால் உண்டியல் காலியாகிவிடும். பிறகு மண்ணுக்குள் புதைந்த நாளிலிருந்து மறுபடி காசு விழத் தொடங்கும். அகழ்வாளர் வெளிச்சம் படாமல் இரும்புக் குழாயை மண்சுவரில் அடித்து மணலை எடுத்து, மங்கிய சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில் திறக்கிறார். ஒளியோ வெப்பமோ பாய்ச்சினால் சேர்ந்த ஆற்றல் மெல்லிய ஒளியாக வெளிவரும். மொத்தக் காசை ஓர் ஆண்டில் விழும் காசால் வகுத்தால், கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று தெரிந்துவிடும்.

ஆண்டுக்கு எவ்வளவு காசு விழுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். திருகோணமலை மாவட்டத்துக்கே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. புல்மோட்டைக் கரையின் கரிய கனிமமணலில் இல்மனைற், ரூற்றைல், சேர்க்கன் ஆகியவற்றோடு சிறிதளவு மோனசைற்றும் இருக்கிறது. மோனசைற்றில் தோரியம் உண்டு. அத்தகைய மணலில் உண்டியல் மடமடவென்று நிரம்பும். வெறும் வெள்ளை மணலில் மெதுவாக நிரம்பும். மண்ணின் கதிர்வீச்சை அந்த இடத்திலேயே அளக்காமல் எங்கோ எடுத்த எண்ணை வைத்துக் கணக்கிட்டால், 30,000 ஆண்டு மணல் 60,000 என்று காட்டலாம். மணல் புதையும் முன் போதிய வெயில் படாமல் உண்டியலில் பழைய காசு தங்கிவிட்டாலும் வயது கூடும்.

இந்த மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு முதலில் களுத்துறை மாவட்டத்தின் புலத்சிங்களவுக்கு அருகே உள்ள பாகியன்கல குகைக்குப் போகலாம். 2019இல் ஒஷான் வெடகே, நிமல் பெரேரா, பற்றிக் றொபேட்ஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இங்கே ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டு வேட்டையர் வாழ்ந்ததைக் காட்டியது. அவர்களின் முக்கிய இரை குரங்கும் மர அணிலும். உச்சிக்கொம்பில் தாவும் விலங்கைக் கைக்கல்லால் வீழ்த்த முடியாது. 2020இல் மிஷெல் லாங்லியும் மற்றவர்களும் ஆராய்ந்த எலும்பு முனைகள் அதற்கு விடை தந்தன. சுமார் 48,000 ஆண்டு பழைய படை முதலாக அங்கே வில்லும் அம்பும் பயன்பட்டன என்பது அவர்களின் முடிவு. ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

இங்கே கை தேறுகிறது: நுண்கற்கருவிகள், தேய்த்துச் செய்த எலும்பு முனைகள், மணிகள், இவற்றுக்கெல்லாம் மேலாக மனித எலும்புகளே உண்டு. மண்ணும் தேறுகிறது: குகைக்குள் படைபடையாக, அடுப்புச் சாம்பலோடும் வெட்டுப்பட்ட விலங்கு எலும்புகளோடும் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. மணியைப் பற்றி மட்டும் ஒரு கவனம் தேவை. 48,000 என்பது காபன் மணிக்கூட்டின் கடைசி எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு தனிக் கரித்துண்டு மட்டும் இதைச் சொல்லியிருந்தால் சந்தேகப்படுவது நியாயம். இங்கே பல மாதிரிகள் மேலிருந்து கீழாக, இளையது மேலும் மூத்தது கீழுமாக வரிசையில் நிற்கின்றன.

இந்த நம்பிக்கை ஒரே நாளில் கிடைக்கவில்லை. குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலென, கித்துல்கலவில் பெலிலென ஆகிய குகைகளில் அகழ்வு நடந்தபோது நுண்கற்கருவிகளுக்கு 28,000 ஆண்டுக்கு மேற்பட்ட வயது வந்தது. ஐரோப்பாவில் இத்தகைய கருவிகள் பெருமளவில் வருவது பனிக்காலத்தின் முடிவில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்புதான் என்பது அன்றைய பாடம். சின்னத் தீவில் அதைவிட இருமடங்கு பழையதா என்று வெளிநாட்டார் புருவம் உயர்த்தினர். வாதத்தைத் தீர்த்தது மறு அகழ்வு. பட்டதொம்பலெனவில் நிமல் பெரேரா குழு மீண்டும் தோண்டி 2011இல் வெளியிட்ட முடிவுகள் அந்தப் பழமையைக் குறைக்கவில்லை, கூட்டின. சிலியின் மொன்ரே வெர்டே களத்துக்கும் இதே கதைதான். ரொம் டில்லஹே 1970களின் கடைசியில் தோண்டத் தொடங்கிய இடத்தை, ஐயுற்றவர்களும் சேர்ந்த ஒரு குழு 1997இல் நேரில் போய்ப் பார்த்த பிறகே பெரும்பாலோர் ஏற்றனர்.

அடுத்தது கடினமான வழக்கு. தீவின் வடக்கு, வடமேற்கு, தெற்குக் கரையோரங்களில் செம்மணல் படுகைகள் உண்டு; அடியில் சரளை. தமிழ்நாட்டில் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடுகளைப் பார்த்தவருக்கு அந்த நிறம் பழக்கமானது. கிளிநொச்சியின் இரணைமடுவை வைத்து இலங்கையில் இதற்கு இரணைமடுப் படிவு என்று பெயர். அம்பாந்தோட்டை மாவட்டத்தின் பூந்தல, பத்திராஜவெல ஆகிய இடங்களில் இந்தப் படிவைத் தெரணியகல அகழ்ந்து கற்கருவிகளைக் கண்டார். இந்தியாவின் அசோக் சிங்வியோடு சேர்ந்து செம்மணலுக்கு ஒளிர்வு முறையில் கண்ட வயதுகள் 1986இல் வெளிவந்தன. அடிச்சரளைக்கு ஏறத்தாழ 125,000 ஆண்டு என்பது தெரணியகலவின் மதிப்பீடு.

கை ஓரளவு தேறுகிறது. கருவிகளைக் கருவிகள் என்று ஏற்பவர் பலர். மண் சற்றுத் தடுமாறுகிறது: சரளை என்பது நீர் உருட்டிச் சேர்த்தது, அதிலுள்ள கல் அங்கேயே செய்யப்பட்டதா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று ஒவ்வொரு களத்திலும் காட்ட வேண்டும். மணி அந்த முறை வளர்ந்துகொண்டிருந்த காலத்தது. இன்று தனித்தனி மணல்மணியையே அளக்கும் நுட்பம் வந்துவிட்டது. மனித எலும்பு ஒன்றும் இல்லை.

இன்னொரு சிக்கல் கடலிலிருந்து வருகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், நீர் பனியாக உறைந்திருந்த காலத்தில் கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அப்போது தரை. இந்தியாவிலிருந்து நடந்தே வரலாம். ஆசியாவையும் அமெரிக்காவையும் பெரிங் நிலப்பாலம் இணைத்ததும் இதே காரணத்தால்தான். 125,000 ஆண்டுகளுக்கு முன்போ உலகம் வெப்பமாக இருந்தது. கடல் இன்றைவிடச் சில மீற்றர் உயர்ந்து நின்றது. இலங்கை அன்றும் தீவு. அப்போது இங்கே மனிதர் இருந்தனர் என்றால், அதற்கு முந்திய பனிக்காலத்தில், 130,000 ஆண்டுகளுக்கும் முன்பே, அவர்கள் நடந்து வந்திருக்க வேண்டும். நவீன மனிதர் ஆபிரிக்காவிலிருந்து பெருமளவில் பரவியது 70,000 முதல் 50,000 ஆண்டுகளுக்கு முன் என்று மரபணுக்கள் சொல்கின்றன. அப்படியானால் பூந்தலவில் கல்லை உடைத்தவர் யார்?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு துணைச்சாட்சி உண்டு. பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டார். அதே இடத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் அகழ்ந்து 2011இல் வெளியிட்ட வயது குறைந்தது 10 இலட்சம் ஆண்டு, சராசரியில் 15 இலட்சம். புதைந்த குவார்ட்ஸுக்குள் விண்கதிர்கள் உண்டாக்கிய அலுமினியம், பெரிலியம் அணுக்களின் தேய்மானத்தாலும், களிமண் பதிவுசெய்த பழைய புவிக்காந்தத் திசையாலும் அதைக் கண்டனர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மணிக்கூடுகள் ஒத்துப்போனதால் எதிர்ப்பு பெரிதாக எழவில்லை. அதே களத்தில் சுமார் 385,000 ஆண்டுகளுக்கு முன் கருவி செய்யும் முறையே மாறிவிட்டதை 2018இல் காட்டினர். அங்கும் மனித எலும்பு இல்லை. நவீன மனிதர் தோன்றுவதற்கு முந்திய ஏதோ ஓர் ஆதிமனித இனத்தின் கைவேலை அது. அந்த இனத்தார் பாக்குத் தரையைக் கடந்து தெற்கே வந்திருக்கத் தடையொன்றும் இல்லை. வரக்கூடியவர் என்பதும் வந்தார் என்பதும் வேறுவேறு. தெரணியகலவின் மூன்றாம் படியான 500,000 இந்த இடைவெளியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இன்று நிலவரம் இது. 48,000 ஆண்டு என்பது உறுதியான தரை. 125,000 என்பது திறந்த வழக்கு. புதிய நுட்பத்தோடு மறுபடி தோண்டினால் தீர்ப்பு எந்தப் பக்கமும் போகலாம். 500,000க்கு இந்தத் தீவில் இதுவரை ஊன்றக்கூடிய சான்று இல்லை.

இந்த எண்களை வைத்து ‘நாங்கள்தான் முதலில் வந்தோம்’ என்று மேடை போட நினைப்பவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. பாகியன்கல வேட்டையர் வாழ்ந்தபோது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. குகைகளில் கிடைத்த எலும்புகளை ஒப்பிட்டவர்கள் தீவின் ஆதிக்குடிகளான வேடர்களோடு நெருக்கம் கண்டனர். மூதூர், வெருகல் பக்கத்தில் தமிழ் பேசும் கரையோர வேடர் இன்றும் வாழ்கின்றனர்.

திருகோணமலைக்கு இந்த ஆய்வில் ஒரு தனி வசதியும் இருக்கிறது. பாக்கு நீரிணைப் பக்கத்தில் பனிக்காலக் கரை எங்கோ தொலைவில் மூழ்கிவிட்டது. கிழக்கில் கடல்தரைத் திட்டு ஒடுங்கியது. கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கும் பிரமாண்டமான கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுகத்துக்கு அருகிலேயே ஆழ்கடலைக் கொண்டுவருகிறது. நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் அதனால்தான். கடல் இறங்கிய காலத்திலும் கரை இங்கிருந்து வெகுதூரம் விலகியிராது. பனிக்காலக் கரையோர மனிதரின் தடயம் இந்த மாவட்டத்து நிலத்திலேயே இருக்க இடமுண்டு.

ஆகவே கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ, கலையாத மண்சுவரில் ஒரே அளவான கூர்ச் சில்லுகள் பல சேர்ந்து தெரிந்தால், பிடுங்கி எடுக்க வேண்டாம். அளவுக்குப் பக்கத்தில் ஒரு பேனையை வைத்துப் படம் எடுங்கள், ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும் என்றே சொல்கிறது. கல்லைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால், மிஞ்சுவது மேசனின் அரிதட்டில் தங்கியதைப் போன்ற இன்னொரு வெள்ளைக் கல்தான்.